பிறக்காத பிள்ளைக்கு எழுபது வருடக் கணக்கு

1

போன வாரம் சிங்காநல்லூரிலிருந்து எனக்கு ஒரு கூரியர் வந்தது. அட்டைப்பெட்டிக்குள் ஓர் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் என் கதிர்மானி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர்வீச்சு நம் உடம்பில் எவ்வளவு படுகிறது என்று மணிக்கு மணி எண்ணி வைத்துக்கொள்ளும். அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, சந்தனத்தின் நடுவே குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தார் என் அண்ணன்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இடையில் ஆயுத பூஜை வந்துவிட்டது. அண்ணன் வேலுச்சாமி மோட்டார் பம்புக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருக்கிறார். அன்றைக்கு அங்கே லேத்துக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, டெம்போவுக்குப் பொட்டு, ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு. பவுண்டரிப் பூனைக்கு மட்டும் கிடையாது, அதுவும் பிடிபடாததால். தங்கச்சி ஜப்பானிலிருந்து அனுப்பிய கருவியைச் சும்மா விடுவாரா மனுஷன்?

என் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கருவி எனக்குச் சொந்தம் என்றாலும் அதற்குள் இருக்கும் பதிவைப் படிக்கும் இயந்திரம் அலுவலகத்தில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் எந்தப் பொருளின் மேலாவது இனம் தெரியாத கறை இருந்தால் அது கதிரியக்கத் தூசி இல்லை என்று நிரூபித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். வாசலில் இருந்த பெண் சிவப்பைப் பார்த்ததும் கையுறையை மாட்டினாள். வடிதாளால் துடைத்து, அந்தத் தாளை எண்ணும் இயந்திரத்தில் வைத்து, ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் விடவில்லை. கறை எப்படி வந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள். 'கருவிகளுக்கு ஆண்டுக்கொரு முறை நன்றி சொல்லும் வழிபாட்டில் இடப்பட்ட மரியாதைக் குறி' என்று ஜப்பானிய மொழியில் எழுதினேன். மேலதிகாரி அதை நிதானமாகப் படித்தார். அந்தப் பொருள் எதனால் ஆனது என்று கேட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் என்றேன். கருவிகளுக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம், நம் அலுவலகத்திலும் யோசிக்கலாம் என்று சொல்லி முத்திரை குத்தினார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

2

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது.

நான் இருப்பது வடகிழக்கு ஜப்பான். கடலோர அணு உலையில் விபத்து நடந்தபோது காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கத்து மலைகளின்மேல் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மழையோடும் பனியோடும் சேர்ந்து இறங்கியது. ஊர் ஊராகக் காலி செய்தார்கள். பிறகு வீடுகளைச் சுற்றியும் வயல்களிலும் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அளவு குறைந்த ஊர்களுக்கு மக்கள் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். திரும்பலாமா என்று யோசிக்கிற ஒருவர், இங்கேயே கடைசிவரை வாழ்ந்தால் அவர் உடம்பு மொத்தமாக எவ்வளவு கதிர்வீச்சு வாங்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் என் வேலை. குழந்தையாக இருந்தால் எழுபது வயது வரைக்கும் கணக்குப் போடுவோம்.

சேர்ந்த புதிதில் இது மண்ணைப் பற்றிய கணக்கு என்று நினைத்தேன். மண்ணில் எவ்வளவு இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு குறைகிறது, அவ்வளவுதானே! கோயமுத்தூரில் இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவளுக்கு அது பெரிய கம்பசூத்திரமாகத் தெரியவில்லை. ஆனால் மண் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி மனிதர்கள். நீங்கள் எந்த அறையில் படுக்கிறீர்கள், தலை எந்தச் சுவர்ப் பக்கம், காட்டுக் காளான் சாப்பிடுவீர்களா, நாயை எந்தப் பாதையில் கூட்டிப்போவீர்கள், வேலை முடிந்து கை கால் கழுவுகிற இடம் எது? எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஒரு பெரியவர், தினமும் சாயங்காலம் கொல்லையில் நின்று மலையைப் பார்ப்பேன் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மலை எவ்வளவு நேரம் தெரிகிறதோ அவ்வளவு நேரம் என்றார். அதையும் கணக்கில் சேர்த்தோம். ஒருவருடைய கதிர்வீச்சு அளவைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய பிழைப்பு முழுவதையும் மணிக்கணக்காக எழுதிப் பார்த்தாக வேண்டும் என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஓர் அறை இருக்கிறது. சுவர், கூரை, கதவு எல்லாம் கனத்த இரும்பு. வெளிக் கதிர்வீச்சு உள்ளே வராமல் தடுத்துவிட்டு, ஒருவர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே உட்காரவைத்து எண்ணுவார்கள். முதல் நாள் என்னை உட்காரவைத்தார்கள். எனக்குள் சீசியம் இல்லை. ஆனாலும் கருவி எண்ணிக்கொண்டே இருந்தது. நாம் சாப்பிடும் கீரையிலும் வாழைப்பழத்திலும் இருக்கிற பொட்டாசியம், உலகம் உண்டான காலத்திலிருந்து மிச்சமிருக்கும் கதிரியக்கம், நொடிக்குச் சில ஆயிரம் அணுக்களாக என் சதைக்குள் உடைந்துகொண்டிருந்தது. எல்லோருக்குள்ளும் அப்படித்தான். பக்கத்தில் பிள்ளையைப் போட்டுத் தூங்குகிற தாய்க்குப் பிள்ளை கொஞ்சம் கதிர் கொடுக்கிறது, தாய் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய்ச் சும்மா படுத்துக்கொண்டேன்.

3

மகள் பெயர் மலர்விழி. இந்த ஊர் நாக்குக்கு 'ல' வராது, அதனால் வெளியே அவள் 'மரரு'. சின்ன வயதில் என்னிடம் தமிழில்தான் பேசுவாள், அதுவும் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். பள்ளிக்குப் போன பிறகு நான் தமிழில் கேட்டால் அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னாள். அப்புறம் கேள்வியையும் அதிலேயே கேள் என்றாள். அவள் அப்பா மாரடைப்பில் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கல்லூரிக்குப் போனாள், வேலைக்குப் போனாள், கென்தா என்ற பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு எனக்குச் சொல்வாள். இந்தா பார், அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளையும் ஒரு வார்த்தை கேட்போம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியதே கிடையாது. எனக்கு ஆத்திரமாக வரும். ஊரில் இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்துக்கொள்வேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது, நன்றாக இருக்கிறேன் என்றாள். பிறகு தமிழுக்கு மாறினாள். அதிலேயே எனக்குத் திக்கென்றது.

"அம்மா, கென்தாவோட ஊருக்கு நாங்க குடி போகணும்னு இருக்கோம். அங்க ஸ்கூல் திருப்பித் தொறந்துட்டாங்க. கென்தா அங்க வேலை கேட்டிருக்கான்."

கட்டினவனை 'கேட்டிருக்கான்' என்று சொல்கிற பெண்ணைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஊர்ப் பெயர் மண்டையில் உறைத்தது. நான் கணக்குப் போட்ட ஊர்களில் ஒன்று.

"நீ கணக்குப் போடும்மா. பாப்பா பேருக்கு. எழுபது வயசு வரைக்கும். நீ 'சரி'ன்னா போறோம். 'வேண்டாம்'னா போகலை. கென்தாவும் ஒத்துக்கிட்டான்."

எத்தனையோ வருடம் கழித்து என் மகள் என்னிடம் ஒன்றைக் கேட்கிறாள். கேட்டதும் இதைக் கேட்கிறாள்! அந்த ஊர்த் தாய்மார்கள் எத்தனை பேருக்கு நானே வாயால் 'வாழலாம், பயமில்லை' என்று சொல்லியிருக்கிறேன். இப்போது என் மகளிடம் அது வரவில்லை. பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் கேட்டதற்கு, உறவினர்களுக்கு நீங்கள் கணக்குப் போடக் கூடாது, வேறு ஒருவர்தான் போட வேண்டும், அதற்கு உங்கள் மகள் அந்த ஊரில் முதலில் முகவரி பதிய வேண்டும் என்றார்கள். குடிபோகலாமா என்று கேட்கிறவள் குடிபோன பிறகுதான் கேட்க முடியும்! சரிதான் போங்கள் என்று, நானே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டுக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

4

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? தாய்மாமன் அவர். அதுவும் கொங்குநாட்டுத் தாய்மாமன்.

"அங்கயா? என்ற மருமக அந்த ஊருல போயிக் குடியிருக்கறதா? அட ஏனம்மணி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலீங்ணா."

"முடிவு நான் சொல்றேன் கேட்டுக்க. தலப்பிரசவம் தாய் ஊட்லதான். உன்ற ஆத்தா ஊடு எது? சிங்காநல்லூரு. புள்ளயக் கூட்டியா. இங்கயே பெத்து, இங்கயே இருந்து, குழந்தை நடக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் போகட்டும். நம்மூரு காத்துக்கும் தண்ணிக்கும் என்ன கொறச்சல்?"

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அந்த எண்ணம் இனித்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், மாடியில் புதிதாகக் கட்டிப் பளபளவென்று கிரானைட் பதித்த அறை. மகளும் பேரப்பிள்ளையும் அங்கே, நானும் லீவு போட்டுக்கொண்டு அங்கே. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. கருவி ஒன்றை அனுப்புகிறேன், கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டிலும் பவுண்டரியிலும் வழக்கம்போல இருங்கள், நம்மூரில் எவ்வளவு என்று பார்ப்போம் என்றேன்.

"அனுப்பு, அனுப்பு. நம்மூரு எத்தன சுத்தம்னு உன்ற மிசினே சொல்லட்டும்" என்றார்.

அந்தக் கருவிதான் சந்தனம் குங்குமத்தோடு திரும்பி வந்தது. துடைத்து, முத்திரை வாங்கி, பதிவைத் திரையில் போட்டேன். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சிங்காநல்லூரில் கதிர்வீச்சு என்பதே ஏறக்குறைய இல்லை என்றது கருவி. ஒரு நிமிஷம் எனக்கு மனசெல்லாம் பூரித்துவிட்டது. இதை அப்படியே மகளிடம் காட்டினால் போதும். பேசாமல் ஊருக்கு வா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அது எப்படி முடியும்? நம் ஊர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர். பாறை இருந்தால் அதற்குள் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாவது இருக்கும். கோடு அப்படிப் படுக்கவே படுக்காது. உற்றுப் பார்த்தால் அங்கங்கே சில புடைப்புகள், சில மணி நேரம் விறுவிறுவென்று ஏறி, அப்புறம் மறுபடி தரைக்கு வந்திருந்தன. அண்ணனைக் கூப்பிட்டு, கோடு படுத்திருப்பதையும் அங்கங்கே புடைப்பு இருப்பதையும் சொன்னேன்.

"ஏனுங்ணா, கருவியக் கழுத்துலதான போட்டிருந்தீங்க?"

"போட்டிருந்தனே."

"எந்நேரமுங்களா?"

"விசேசத்துக்குப் போறப்பெல்லாம் தவறாமப் போட்டுக்கிட்டேன் அம்மணி. ஆவணி முகூர்த்தம் வேற, சூலூர்ல ஒண்ணு, பல்லடத்துல ஒண்ணு, காங்கேயத்துல நம்ம ஒறம்பரை ஊட்ல ஒண்ணு. ஜப்பான் மெடலான்னு ஆளாளுக்குக் கேட்டுப்போட்டாங்க போ!"

"மத்த நேரமெல்லாம்?"

"மத்த நேரம் பத்தரமா வெச்சுப்போட்டேன். நம்ம பவுண்டரி ஆப்பீசுல அப்பன் காலத்து இரும்புப் பெட்டி இருக்குதில்ல, அதுக்குள்ள. ஜப்பான்காரன் சாமான், தொலஞ்சு கிலஞ்சு போச்சுன்னா உன்ற வேலைக்கல்லோ வேட்டு வந்துபோடும்?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த இரும்புப் பெட்டி எனக்குத் தெரியாதா? எங்கள் பவுண்டரியிலேயே வார்த்தது. சங்கிலிக் கப்பி போட்டால்தான் நகரும், கதவே அத்தனை கனம். எங்கள் அலுவலகத்தில் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய அந்த இரும்பு அறை இருக்கிறதே, அதன் வேலையை அண்ணன் ஒன்றும் தெரியாமலேயே செய்து வைத்திருந்தார். உலகத்தில் எத்தனையோ பேர் கதிர்மானியை மேசை டிராயரில் மறந்திருக்கிறார்கள், காரில் விட்டிருக்கிறார்கள். பவுண்டரி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ள எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும்.

"ஆமா, அந்தப் பொடப்பு பொடப்புன்னு சொன்னியே, அது என்ன?" என்றார்.

"அது கல்யாண மண்டபமுங்ணா. தரை, தூணு, சுவரு எல்லாம் கிரானைட்டுங்களே. அந்தக் கல்லுல இயற்கையாவே கொஞ்சம் இருக்கும்."

"அப்ப... நாம மாடியில பதிச்சிருக்கறது?"

"அதுவும் கிரானைட்டுத்தானுங்ணா."

"என்ற கடவுளே! நாங்கெல்லாம் என்ன ஆகறது?"

"ஒண்ணும் ஆகாதுங்ணா. நாம பொறந்ததுல இருந்து இதுலதான இருக்கறோம். உலகத்துல பாதிச் சனம் இப்பிடித்தான்."

மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருந்த மணிகளை மட்டும் எடுத்து, கென்தாவின் ஊரில் நாங்கள் முன்பு அளந்த வீட்டுக் கூடங்களின் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மண்டபந்தான் உயரம். பந்தியில் இலை போட்டு, ஜிலேபி வைத்து, ஆயிரம் பேர் சந்தோஷமாகச் சாப்பிடுகிற இடம், ஒரு காலத்தில் ஊரையே காலி செய்த இடத்தைவிட உயரம். வெறும் எண்ணாக எனக்கு இது முன்பே தெரிந்த சமாசாரம்தான். என் அண்ணன் கழுத்தில் கிடந்து, பல்லடத்துக் கல்யாணத்தில் பதிந்து வந்ததைப் பார்த்தபோது திகைத்து உட்கார்ந்துவிட்டேன். உலகம் எவ்வளவு வினோதமாகச் செய்யப்பட்டிருக்கிறது!

5

இந்தச் சந்தோஷத்தோடு கென்தாவின் ஊருக்குப் போனேன். வீட்டை அறை அறையாக நானே அளக்க வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா தனியாக இருக்கிறார். ஊரைத் திறந்ததும் முதலில் திரும்பிய சிலரில் அவரும் ஒருவர். கென்தா சிறுவனாக இருந்தபோது காலி செய்த வீடு. வாசலில் சீமைப்பனிச்சை மரம், பழம் ஆரஞ்சு நிறத்தில் காய்த்துத் தொங்குகிறது.

அவரிடம் பேசுவது எனக்கு எளிது. ஜப்பானிய மொழியில் வாக்கியத்தின் கடைசியில் மரியாதை வால் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் 'ங்க' மாதிரி. அவசரத்தில் அந்த வாலுக்குப் பின்னால் நான் 'ங்க' வேறு போட்டுவிடுவேன். அவர் அது ஏதோ கூடுதல் மரியாதை என்று நினைத்து இன்னும் குனிந்து வணங்குவார்.

டீ குடித்துக்கொண்டே என் அண்ணன் கதையைச் சொன்னேன். இரும்புப் பெட்டிக்குச் சிரித்தார். மண்டபக் கதைக்குச் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் ஊர்க் கல்லை யாரும் கொண்டுவந்து உங்கள்மேல் கொட்டவில்லை அல்லவா?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வயலும் வீடும் பக்கத்து வீட்டு மனுஷரும் போய், பல வருடம் முகாமிலும் அடுக்குமாடியிலும் இருந்துவிட்டு வந்தவரிடம், உங்களைவிட எங்கள் கல்யாண மண்டபம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறேனே! மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினார்.

பிறகு வீட்டைக் காட்டினார். குழந்தைக்கென்று ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். காலை வெயில் வரும், ஜன்னலைத் திறந்தால் மலை. புதுப் பாய் விரித்து, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூடத் தைத்துப் போட்டிருந்தார். நான் கருவியை நீட்டினேன். எண் ஏறியது. வீட்டைச் சுற்றித்தான் மண்ணைச் சுரண்டினார்கள், மலையை யார் சுரண்டுவது? காட்டில் விழுந்தது காட்டிலேயே இருக்கிறது. முப்பது வருடத்தில் பாதியாகும், அடுத்த முப்பதில் பாதியில் பாதியாகும். தெருப் பக்கத்து அறையில் எண் நன்றாகவே இறங்கியது. அது அவர் படுக்கிற அறை.

இரண்டுமே பயப்படுகிற அளவு இல்லை என்று சொன்னேன், அது உண்மையும்கூட. அவர் தலையாட்டினார்.

"மருமகள் இங்கே வர வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு வாய் வராது. உங்கள் கணக்கு எப்படி வந்தாலும் சரி" என்றார்.

மற்ற அறைகளை அளந்து முடிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால், அந்த அம்மாள் தன் மெத்தையையும் தலையணையையும் மலைப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருந்தார். தெருப் பக்கத்து அறையில் புதுப் பாயை விரித்துவிட்டு, பூப்போட்ட திரையை மாட்டிக்கொண்டிருந்தார். வருமா என்று தெரியாத பிள்ளைக்காகச் செய்தார். திரையின் இன்னொரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

6

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். மண், வீடு, அறை, பால், அரிசி, காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம், எல்லாம் போட்டேன். வருடங்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. பிள்ளை பள்ளிக்குப் போகிற வருடம், கல்யாணம் செய்கிற வருடம். பாதி தூரத்தில் ஒரு வரிசை வந்தது, அதற்குக் கீழே நான் இருக்க மாட்டேன். இன்னும் கீழே மலர்விழியும் நரைத்திருப்பாள். அதற்கும் கீழே சீசியம் தேய்ந்து தேய்ந்து, ஆனாலும் முழுசாகப் போகாமல், அந்தப் பிள்ளையோடு கூடவே கிழடாகிக்கொண்டு இருந்தது. ஒரு பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதன் ஆயுசைக் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. கும்பிடத் தோன்றியது, கூடவே பயமாகவும் இருந்தது.

கடைசியில் வந்த எண் சின்ன எண். கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்து, மாடி அறையில் தூங்கி, மண்டபம் மண்டபமாக விருந்து சாப்பிடுகிற ஒரு பிள்ளை தன் ஊர்க் கல்லிலிருந்து வாங்கப்போவதில் ஒரு பங்குதான் அது. சம்பந்தியம்மா சொன்னதை மறக்கவில்லை. ஆனாலும் எண் எண்தானே.

அண்ணன் கூப்பிட்டார். "என்னம்மணி, கணக்கு வந்துதா?"

"வந்துருச்சுங்ணா. சின்னதுதான்."

"சரியாப் போட்டியா?"

"போட்டனுங்ணா."

"ஊராரு புள்ளைக்கும் இதே கணக்குத்தான் போட்டியா?"

"இதேதானுங்ணா."

"அப்பறம் எதுக்கு அழுகற?"

அழுகிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "செரி, உடு. எங்க பொறந்தாலும் என்ற மருமக புள்ள. நான் அங்கயே வாரேன். பாஸ்போட்டுக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லு" என்றார். பெங்களூரைத் தாண்டாத மனுஷர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். எண்ணைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு கட்டமாக, என் வேலையை எனக்கே சரிபார்ப்பதுபோலப் படித்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னம்மா? வெளியில இருக்கிற நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் போட்டிருக்கே."

"குழந்தைதானே கண்ணு. உள்ளேதான் இருக்கும்."

"அஞ்சு வயசுக்கும் ஒண்ணு. பத்து வயசுக்கும் ஒண்ணு. மத்தவங்களுக்கெல்லாம் எவ்வளவு போடுவே?"

எட்டு மணி நேரம். அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது. அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. எண் சின்னதாக வந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். என் பேரப்பிள்ளையை நான் எழுபது வருடம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழிலேயே பேசினாள், வார்த்தைக்கு வார்த்தை தேடித் தேடி.

"கென்தா சொல்லியிருக்கான்மா. அந்த விபத்துக்கு அப்புறம், காலி பண்ணிப் போன இடத்துலயும் அவங்க ஊர்ப் பசங்களை வெளியவே விடலை. மண்ணைத் தொடாதே, புல்லு மேல உக்காராதே, ஜன்னல் தொறக்காதேன்னு. வீட்டுக்குள்ளேயேதான் வளந்தான். அதனாலதான் அவன் திரும்பிப் போறான். வாத்தியாரா. பசங்களை வெளிய கூட்டிட்டுப் போக."

அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் போதவில்லை. எனக்கும்தான். அவள் என் கையை எடுத்து விசைப்பலகையில் வைத்தாள்.

"மாத்தும்மா. வெளிய போடு."

எட்டு என்று அடித்தேன். வருடங்கள் எல்லாம் மறுபடி வரிசையாக இறங்கின. எண் ஏறியது. ஏறியும், நான் எத்தனையோ தாய்மார்களிடம் 'வாழலாம், பயமில்லை' என்று சொன்ன எண்ணுக்குள்ளேயே நின்றது. போ கண்ணு, போய் நல்லா இரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடைக் காலத்துக்கு எட்டு பத்தாதும்மா. இன்னும் கொஞ்சம் விளையாடட்டும்" என்றாள்.

கூட்டிப் போட்டேன்.